வாடிக்கையாளர் கண்ணில் படாதவை

அருண்,

வெள்ளிக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், அடுப்பில் சாம்பார் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் சாம்பார் இல்லை. அடுப்பே எரியவில்லை. உன் அப்பா வரும் வழியில் பீட்சா வாங்கி வந்திருந்தார். உன் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமானால் ஐந்து வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அதை போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. நடுவில் நீ "அம்மா, கெட் டு த பாயின்ட்" என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் நீ கற்ற தமிழுக்கு ஒரு பக்கம் படிக்கப் பத்து நிமிடமாவது ஆகும். அதுவும் நல்லதே. இது மெதுவாகப் படிக்க வேண்டிய விஷயம்.

உன் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் எழுதிவிடுகிறேன். உன் கம்பெனி, அதாவது நான் ஒன்பது வருடம் சம்பளம் வாங்கிய அதே கம்பெனி, மறுபடியும் இரண்டு ஸீட் வேகக் கார் ஒன்றைக் கொண்டுவரப் போகிறது. இந்த முறை கூரையைத் திறந்து மூடலாம். திறந்து மூடும் கூரைக்குப் பணம் வேண்டும். அந்தப் பணத்தை நான்கு கதவுக் குடும்பக் காரிலிருந்து எடுக்கலாம் என்று மேலே யாருக்கோ தோன்றியிருக்கிறது. குடும்பக் காரில் எதையெல்லாம் குறைக்கலாம் என்று பட்டியல் போட்டு, அதன் கீழே முதல் கையெழுத்தைப் போட வேண்டியவன், வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரமே ஆன நீ. பெரிய கம்பெனிகளில் முதல் கையெழுத்து எப்போதும் கடைசியாகச் சேர்ந்தவனுடையதாகத்தான் இருக்கும். அதற்கு மேலே விழும் கையெழுத்துகள் எல்லாம், கீழே இருப்பவன் பார்த்திருப்பான் என்ற நம்பிக்கையில் விழுபவை. இந்த மாதக் கடைசி வியாழக்கிழமை மீட்டிங். நீ கேட்டாய்: "ஜஸ்ட் டெல் மீ அம்மா. எக்ஸைட்டிங் காரா, போரிங் காரா? கம்பெனிக்கு எது வேணும்?"

இரண்டும் வேண்டும். இது சாம்பாரைப் போல நழுவுகிற பதில் இல்லை. ஆனால் எப்படி இரண்டும் என்பதை, நான் கெடுத்த ஒரு காரியத்தைச் சொல்லித்தான் விளக்க முடியும்.

நம் ஆட்கள் கார் வாங்கும் முறையை நீ கவனித்திருக்க மாட்டாய். பின் ஸீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாய். முதலில் ஒரு பத்திரிகை வரும். எந்த கார் எத்தனை வருடத்தில் எங்கே பழுதாகும் என்று அதில் அட்டவணை இருக்கும். பரீட்சைக்குப் படிப்பதைப் போல அதை அடிக்கோடிட்டுப் படிப்பார்கள். அடுத்து, கார் பற்றித் தெரிந்தவர் என்று பெயரெடுத்த நண்பர் ஒருவர் வருவார். அவர் தன் வாழ்க்கையில் ஒரே ஒரு கார் வாங்கியிருப்பார். அதையே எல்லாருக்கும் சிபாரிசு செய்வார். மூன்றாவதாக, வாங்குவதற்கு முன்பே விற்பதைப் பற்றிய பேச்சு. ஐந்து வருடம் கழித்து விற்றால் என்ன கிடைக்கும்? பெண் பார்க்கப் போன இடத்தில் விவாகரத்துச் செலவை விசாரிப்பதைப் போன்ற இந்தக் கேள்வியை எந்தக் கூச்சமும் இல்லாமல் கேட்பார்கள். கடைசியில் மாதத்தின் கடைசி நாள் சாயங்காலம் நான்கு பேராக ஷோரூமுக்குப் போய், சேல்ஸ்மேன் களைத்துப்போகும் வரை உட்கார்ந்து, ஒரு பழுப்பு நிற ஜப்பான் காரோடும் இலவச மிதியடிகளோடும் திரும்புவார்கள். நாம் போகும் லிவர்மோர் கோயில் பார்க்கிங்கில் பூஜை முடிந்து வருகிறவர்கள் தங்கள் கார் எது என்று கண்டுபிடிக்க நம்பர் பிளேட்டைக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது இதனால்தான்.

இவர்களுக்கு நடுவில் நான் ஒருத்தி அமெரிக்கக் கார் கம்பெனியில் வேலை பார்த்தேன். சான் ரமோனில் அந்தக் கம்பெனியின் வட்டார அலுவலகம். விருந்துகளில் தட்டோடு யாராவது பக்கத்தில் வந்து உட்காருவார்கள். "ஏங்க, உங்க கம்பெனி கார்ல டோ ட்ரக் ஸ்டாண்டர்டா, ஆப்ஷனா?" நடுவழியில் நின்ற காரை இழுத்துப் போகும் வண்டியும் காரோடு சேர்ந்தே வருமா என்ற அந்த ஜோக்குக்கு எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டிலும் நிலைமை வேறாக இல்லை. எனக்குச் சலுகை விலையில் கார் கிடைக்கும் என்று உன் அப்பாவிடம் சொன்னபோது, "வாங்கறதுக்கு டிஸ்கவுண்ட் சரி. ரிப்பேருக்கும் டிஸ்கவுண்ட் உண்டா?" என்று கேட்டுவிட்டு, மறுவாரம் நான்கு நண்பர்களோடு போய்ப் பழுப்பு நிறத்தில் ஒன்று வாங்கி வந்தார். நான் கம்பெனி எனக்குக் கொடுத்த குடும்பக் காரை ஓட்டினேன். நம் வீட்டு வாசலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. அவருடையது எட்டு வருடம் பழுதில்லாமல் உழைத்தது என்பதை மட்டும் இங்கே பதிவு செய்துவிட்டு மேலே போகிறேன்.

என் வேலை ஒதுக்கீடு. தொழிற்சாலையிலிருந்து எங்கள் வட்டாரத்துக்கு வரும் கார்களில் எந்த டீலருக்கு எது, எத்தனை என்று பிரிப்பது. அதோடு, தலைமை அலுவலகம் புது மாடலைப் பற்றி ஏதாவது கேட்டால் எங்கள் வட்டாரத்தின் சார்பில் பதில் எழுதுவதும் என் மேஜைக்குத்தான் வரும். தொண்ணூற்று ஐந்தில் அப்படி ஒரு தாள் வந்தது. கம்பெனி சிவப்பு நிறத்தில் இரண்டு ஸீட் கார் ஒன்று செய்யத் தீர்மானித்திருந்தது. அதற்குப் பணம் வேண்டும். குடும்பக் காரின் அடுத்த வருட மாடலில் குறைக்கக்கூடியவை என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'வாடிக்கையாளர் கண்ணில் படாதவை'. கதவுக்குள் வைக்கும் ரப்பரில் ஒரு அடுக்கு. ஸீட்டுக்கு அடியில் ஒரு இரும்புப் பட்டை. இப்படிப் போய், ஒன்பதாவது வரியில், டிரான்ஸ்மிஷன் எண்ணெயைக் குளிர வைக்கும் சின்ன ரேடியேட்டர். ஆட்டோமேட்டிக் காரில் மலை ஏறும்போது அந்த எண்ணெய் கொதிக்கும். காரின் முன்பக்கம் ஒரு நோட்டுப் புத்தகம் அளவில் இருக்கும் அந்த டப்பாதான் அதை ஆற்றும். அதை எடுத்துவிட்டு, டிரெயிலர் இழுப்பவர்கள் வேண்டுமானால் தனியாக வாங்கிக்கொள்ளட்டும் என்பது யோசனை. தாளின் கீழே ஒரு கேள்வி: உங்கள் வட்டாரத்தில் மலை, வெயில் காரணமாக இதற்கு ஆட்சேபணை உண்டா?

எங்கள் வட்டாரத்தில் மலையும் வெயிலும் தவிர வேறு அதிகமில்லை. மாதம் இரண்டு முறை நானே ஆல்டமான்ட் கணவாயை ஏறி இறங்கி மோடெஸ்டோ, ஸ்டாக்டன் டீலர்களைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். கணவாய்க்கு அந்தப் பக்கம் டிரேசியில் ஒரு டீலரிடம் இருந்த மெக்கானிக், காரின் மூக்கைத் திறந்து அந்த டப்பாவைத் தட்டிக் காட்டி, இது இல்லாவிட்டால் இந்த வண்டி இந்த ஊருக்கு வந்து சேராது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள வழியே இல்லை. தாள் என் மேஜையில் இரண்டு நாள் கிடந்தது. மூன்றாவது நாள் டென்னிஸ் என்ற என் மேலதிகாரி காப்பிக் கோப்பையோடு வந்து நின்று, "வீ ஆர் ஓகே வித் திஸ், ரைட்?" என்றார். அமெரிக்க அலுவலகத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய். அது உண்மையில்லை. உண்மை என்னவென்றால், அந்தத் தாளோடு சிவப்பு காரின் படத்தையும் வைத்து அனுப்பியிருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. டோ ட்ரக் ஜோக்கைக் கேட்டுச் சிரித்து எனக்கு அலுத்துவிட்டது. ஒரு தடவையாவது அந்தப் பார்க்கிங்கில் எல்லாரும் என் காரைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஆட்சேபணை இல்லை என்று எழுதி அனுப்பினேன்.

அடுத்த வருடம் சிவப்பு கார் வந்தது. டீலர்கள் என்னைப் பெயர் சொல்லி அழைக்க ஆரம்பித்தார்கள். அதுவரை போன் எக்ஸ்டென்ஷன் நம்பர்தான் என் பெயர். ஒரு சிவப்பு கார் வேண்டுமென்றால் இத்தனை குடும்பக் கார் விற்றுக் காட்டு என்று நான் கணக்கு வைத்தேன். பந்தியில் பாயசம் கேட்பவனிடம் முதலில் ரசம் சாதத்தைச் சாப்பிடச் சொல்வதைப் போல. ஒரு சனிக்கிழமை டெமோ காரைக் கோயிலுக்கு எடுத்துப் போனேன், உனக்கு ஞாபகம் இருக்கும். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, அர்ச்சகர் காரை ஒரு சுற்று சுற்றி வந்து, "பேஷ். ஆனா மாமி, இதுல குழந்தைய எங்க உக்கார வெப்பேள்?" என்று கேட்டார். பிறகு, யார் பெயருக்கு அர்ச்சனை என்றார். கார் கம்பெனியுடையது. கம்பெனிக்குக் கோத்திரம் கிடையாது என்பதால் உன் அப்பாவின் கோத்திரத்தைச் சொன்னேன். டோ ட்ரக் ஜோக் சொன்ன அத்தனை பேரும் வரிசையில் நின்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நீ ஏறி உட்கார்ந்தவன் பிரசாதம் தீர்ந்த பிறகுதான் இறங்கினாய். மிச்சிகனில் தலைமை அலுவலகத்தில் இன்று நீ பார்க்கும் வேலை அன்றைக்கே முடிவாகிவிட்டது என்று நினைக்கிறேன். போட்டோ முடிந்ததும் எல்லாரும் நம்பர் பிளேட்டைக் குனிந்து பார்த்துத் தங்கள் பழுப்பு கார்களில் ஏறி வீட்டுக்குப் போனார்கள். என் வட்டாரம் முழுவதும் நடந்ததும் இதுவே. சிவப்பு காரைப் பார்க்க ஷோரூமுக்கு ஊரே வந்தது. வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். ஆனால் வந்தவர்களில் சிலர் பக்கத்தில் நின்ற நான்கு கதவு காரைத் திரும்பிப் பார்த்தார்கள். கம்பெனிக்குச் சோறு போட்டது அந்தத் திரும்பிய பார்வை.

அன்று கோயிலில் அப்படித் திரும்பியவள் வசந்தா. நீ வசந்தா ஆன்ட்டியை இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவளாகத்தான் அறிவாய். அவள் திருநெல்வேலியில் டாக்டராக இருந்தவள். சுந்தரத்தைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்த பிறகு, மறுபடியும் முதலிலிருந்து பரீட்சைகள் எழுதினாள். கைக்குழந்தையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே எழுதிப் பாஸ் செய்தாள். இனி ஏதாவது ஒரு மருத்துவமனை அவளைப் பயிற்சி டாக்டராக எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பல ஊர்களுக்குப் பேட்டிக்குப் போக வேண்டியிருக்கும். அதனால் நம்பகமான கார் தேவை. போட்டோ எடுக்காமல் நின்றவள் என்னிடம் வந்து, "அக்கா, இதே கம்பெனில நாலு டோர் ஒண்ணு இருக்குல்ல? அது எப்படி?" என்று கேட்டாள். லிவர்மோர் தமிழர்களில் என் கம்பெனி காரைப் பற்றிச் சிரிக்காமல் கேட்ட முதல் ஆள். மறுவாரம் பக்கத்து ஊரான டப்ளினில் டீலர் கடைக்கு நானே கூட்டிப் போனேன். சுந்தரம் பத்திரிகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தான். கையெழுத்துப் போடும் முன் வசந்தா பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, ஒரே ஒரு டவுட். இது மலை ஏறுமா?"

"நான் இதே கார்தானே ஓட்டறேன் வசந்தா? ஆல்டமான்ட்ல மாசம் ரெண்டு தடவ ஏறி இறங்கறேன்."

"அப்ப சரி. அக்கா சொன்னா சரி," என்று கையெழுத்துப் போட்டாள்.

நான் ஓட்டியதும் அதே பெயர் கொண்ட கார்தான். அதற்கு முந்தைய வருடத்து மாடல். டப்பா இருந்த மாடல். நான் சொன்ன வாக்கியத்தில் ஒரு சொல் கூடப் பொய்யில்லை. பொய்களிலேயே தரமானது அது. பழுது அட்டவணை போடும் பத்திரிகைக்காரர்களால் கூட அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது.

அக்டோபரில் மோடெஸ்டோ பக்கம் ஒரு மருத்துவமனையிலிருந்து அவளுக்குப் பேட்டிக்கு அழைப்பு வந்தது. அந்த வருடம் வந்த ஒரே அழைப்பு. பதினொரு மணிக்குப் பேட்டி. சுந்தரம் லீவு போட்டுவிட்டுக் காலை ஒன்பதுக்கே கிளம்பியிருக்கிறான். அந்தப் பக்கம் அக்டோபரில் வெயில் ஓய்வதில்லை. கணவாயின் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் இன்ஜின் உறுமியிருக்கிறது, கார் இழுக்கவில்லை. கருகிய வாசனை. பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடிக்க, உருண்டுகொண்டே ஓரத்தில் ஒதுக்கியிருக்கிறான். குன்றுகள் மேல் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்க, வசந்தா பேட்டிக்கென்று வாங்கிய கோட்டும் குதிகால் செருப்புமாக ஃப்ரீவே ஓரத்தில் நடந்து, மஞ்சள் நிற அவசர போன் பெட்டியைத் தேடிப் பிடித்து, அதில் பேசியவர்கள் மூலமாக என் ஆபீஸுக்குத் தகவல் சொல்லியிருக்கிறாள். நான் கீழே ஓடினேன். அந்த வாரம் என் கையில் இருந்த சாவி சிவப்பு காருடையது.

ஓரத்தில் போய் நிறுத்தியதும் சுந்தரம் காரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ரெண்டு ஸீட்தானே அக்கா. நீங்க அவளக் கூட்டிட்டுப் போங்க. நான் டோ ட்ரக்குக்கு நிக்கறேன்," என்றான். டோ ட்ரக் ஜோக்கை அவன் ஒருநாளும் சொன்னவனில்லை என்பது அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. வசந்தா ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இறக்கத்தில் நான் ஓட்டிய வேகத்தை உன் அப்பாவிடம் சொல்லாதே. ஒரு லாரி டிரைவர் எங்களைப் பார்த்துச் சந்தோஷமாகக் கட்டைவிரலை உயர்த்தினார். வசந்தா அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு டாஷ்போர்டைப் பார்த்தபடி, "இது சூடே ஆகலியே அக்கா," என்றாள். ஆகாது. எது எதை எங்கிருந்து எடுத்து அதைச் சூடாகாமல் வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். நான் சாலையைப் பார்த்தேன்.

போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. பேட்டி காண வேண்டிய மூன்று டாக்டர்களில் இரண்டு பேர் ஆபரேஷனுக்குப் போய்விட்டார்கள். வரவேற்பில் இருந்த பெண் மிகவும் அன்பாக, வேறு தேதிக்கு அழைக்கிறோம் என்றாள். அழைக்கவில்லை. அந்த ஒரு காலையால்தான் வசந்தாவின் வாழ்க்கை திசை மாறியது என்று நான் சொல்ல மாட்டேன். நேரத்துக்குப் போய் உட்கார்ந்தும் இடம் கிடைக்காதவர்கள் உண்டு. அவள் போய் உட்காரவே இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதற்கப்புறம் இரண்டு வருடம் விண்ணப்பித்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். இன்று அவளை டாக்டர் என்று சொல்வது, பாளையங்கோட்டையிலிருந்து போன் பண்ணும் அவள் அம்மா மட்டும்தான். கார் மேல் அவள் கோபப்படவே இல்லை. வாரண்டியில் டிரான்ஸ்மிஷனை மாற்றிக் கொடுத்தார்கள். "மெஷின்தானே அக்கா. மனுஷனே பொசுக்குனு நின்னு போறான்," என்று என்னைச் சமாதானப்படுத்தினாள். ஐந்து தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்பினாள். ஐந்து முறையும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கம்பெனிக்கு ஆசை கார் வேண்டும். அது இல்லாவிட்டால் ஷோரூமுக்கு யாரும் வர மாட்டார்கள். குடும்பக் கார் மட்டும் விற்கும் கடை பருப்பு மட்டும் விற்கும் கடை மாதிரி, தேவைப்படுகிறவன் அதை எங்கே மலிவோ அங்கே வாங்கிக்கொள்வான். குடும்பக் காரும் வேண்டும். அது இல்லாவிட்டால் சம்பளம் வராது, ஆசை காருக்குக் கூரையும் வராது. இதுவரை உங்கள் தலைமை அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் தவறவிடுவது இதற்கு அடுத்த இடத்தில். ஆசை காரின் நல்ல குணங்கள் எல்லாம் கண்ணில் படுபவை. நிறம், உருவம், சத்தம். குடும்பக் காரின் நல்ல குணங்கள் ஒன்றுகூடக் கண்ணில் படாது. திங்கட்கிழமை ஸ்டார்ட் ஆவது, மழையில் ஒழுகாதது, மலையில் நிற்காதது. இவற்றை யாரும் போட்டோ எடுப்பதில்லை. அப்படியிருக்க, கண்ணில் படாதவை என்று தலைப்புப் போட்டு அவற்றை எடுத்துவிட்டால் குடும்பக் காரில் மிச்சம் என்ன? பழுப்பு நிறம்.

எங்கள் வட்டாரத்தில் நடந்தது அதுவே. சிவப்பு கார் ஆட்களைக் கூட்டி வந்தது; குடும்பக் கார் அவர்களை ஒரு தடவை வாங்க வைத்தது; மலைகள் அவர்களை ஜப்பான் காருக்கு அனுப்பி வைத்தன. இரண்டாவது தடவை யாரும் வரவில்லை. குடும்பக் கார் விற்காமல் போனதும் சிவப்பு காருக்குப் பணம் போட ஆளில்லை. மூன்றாவது வருடம் அதையும் நிறுத்தினார்கள். அந்த டப்பாவைச் சத்தமில்லாமல் திரும்ப வைத்தார்கள். சத்தமில்லாமல் என்பது தவறு. அந்த வருட விளம்பரப் புத்தகத்தில் அதைப் புதிய வசதி என்று போட்டிருந்தார்கள். எங்கள் அலுவலகமும் பாதியாகச் சுருங்கியது. வெட்டிய பாதியில் நான் இருந்தேன். அதை நான் அநியாயம் என்று சொல்ல முடியாது.

என்ன செய்திருக்கலாம் என்று பின்னால் நிறைய யோசித்தேன். வேலை போனவர்களுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். சிவப்பு காருக்குத் தனி எலும்புக்கூடு செய்யாமல், குடும்பக் காரின் இன்ஜினையும் அடிச்சட்டத்தையும் எடுத்து அதன் மேல் அழகான தகரத்தைப் போட்டிருந்தால் பாதிச் செலவு குறைந்திருக்கும். அதற்காக உழைக்கும் ஒவ்வொரு இன்ஜினியரும் குடும்பக் காருக்கும் சேர்த்து உழைத்திருப்பார். கேட்பவர்களின் எண்ணிக்கைக்குக் கொஞ்சம் குறைவாகவே செய்து, விலையைக் கூட்டி, அதன் செலவை அதையே சம்பாதிக்கச் சொல்லியிருக்கலாம். அல்லது டெக்சாஸில் சுகர் லேண்டில் உன் மாமா செய்வதைப் பார்த்துக் கற்றிருக்கலாம். ஏர்கண்டிஷன் அறையில் கம்ப்யூட்டர் முன் உட்காரும் வேலைக்கு, மாடு ஏற்றுகிற அளவு பிக்கப்பில் போகிறான். பின்னால் அவன் ஏற்றிய அதிகபட்சச் சரக்கு ஒரு மூட்டை அரிசி. ஏன்டா என்று கேட்டால், "அக்கா, உனக்குப் புரியாது. டெக்சாஸ்ல இது வேட்டி மாதிரி," என்கிறான். அவனுக்கு ஆசை காரும் அன்றாடக் காரும் ஒன்றே. கம்பெனிக்கும் அதில்தான் நல்ல லாபம். அன்றாடம் ஓட்டுவதிலேயே கொஞ்சம் ஆசையை வைத்து விற்க முடியும் என்பதற்கு அவனே சாட்சி. என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். ஒன்பதாவது வரியை மட்டும் தொட்டிருக்கக் கூடாது. தொடுவார்கள் என்றால், அதை நன்றாகத் தெரிந்தவள் ஆட்சேபணை உண்டு என்று எழுதியிருக்க வேண்டும்.

நீ கேட்டதும் நான் போனை வைத்ததற்குக் காரணம் இது. இவ்வளவையும் உனக்குச் சொல்லிவிட்டு வசந்தாவுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. நேற்று மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். துவைத்த துணிகளைச் சோபாவில் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். சுந்தரம் டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

"வசந்தா, உன் கார் அன்னிக்கு ஏன் நின்னுதுன்னு எனக்குத் தெரியும்."

"அதான் டிரான்ஸ்மிஷன்னு சொன்னாங்களே."

"நீ வாங்கறதுக்கு முன்னாடியே தெரியும்."

எல்லாவற்றையும் சொன்னேன். தாள், ஒன்பதாவது வரி, நான் எழுதியது. அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. சுந்தரம் டிவியை அணைத்தான்.

"மலை ஏறுமான்னு நான் கேட்டேன்," என்றாள்.

"கேட்ட."

"நீங்க ஏறறேன்னு சொன்னீங்க."

"என்னுது பழைய மாடல்."

குழந்தையின் சட்டை ஒன்றை மடித்தாள். சரியாக வரவில்லை என்று பிரித்து மறுபடி மடித்தாள். சுந்தரம்தான் கேட்டான். "இத இப்ப ஏன்க்கா சொல்றீங்க? அஞ்சு வருஷம் ஆச்சே."

"அருணுக்கு அதே மாதிரி ஒரு பேப்பர் வந்திருக்கு. கையெழுத்து கேக்கறாங்க."

"ஓ," என்றாள் வசந்தா. "அப்ப அவனுக்காக வந்திருக்கீங்க. எனக்காக இல்ல."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். தரமான பொய் ஒன்று வாயில் தயாராக இருந்தது. ஆமாம் என்றேன்.

அவள் மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது திரும்பி வந்து, கொஞ்சம் தள்ளி நின்று பேசினாள். "அவன் எனக்கு போன் பண்ணட்டும். டெய்லி நாலு மணிக்கு மேல வீட்ல இருப்பேன். கோட்டு போட்டுட்டு அந்த ரோட்டோரத்துல நிக்கறது எப்படி இருக்கும்னு நான் சொல்றேன். அவன் ஆபீஸ்ல யாருக்கும் அது தெரியாது. உங்களுக்கே தெரியலயே."

அவள் நம்பர் உன்னிடம் இருக்கிறது. உன் பட்டியலை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்; அது கம்பெனி ரகசியம், உன் வேலை போகும். அவள் சொல்வதைக் கேட்டுக்கொள். ஒரு மணி நேரம் ஆகலாம். ஆகட்டும். பிறகு கையெழுத்துப் போடுவதா, ஆட்சேபணை எழுதுவதா என்று நீயே முடிவு செய். என்ன செய்தாய் என்று நான் கேட்க மாட்டேன். ஆனால் அந்த வியாழக்கிழமைக்கு முன்னால் கூப்பிடு. என்னோடு அவள் இனிப் பேசுவாளா என்று தெரியவில்லை. உன்னோடு பேசச் சம்மதித்திருக்கிறாள்.

அம்மா